தும்பி என்று நான் கொடுத்தது

உன் படத்திறப்புக்குப் போவதற்காகப் பீரோவிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்தேன். மடிப்பைப் பிரித்ததும் அந்துருண்டை வாசம் முகத்தில் அடித்தது. கரப்பான் வரக்கூடாது என்று என் மனைவி துணிகளுக்கு நடுவே போட்டு வைப்பது. வருஷம் முழுவதும் அந்தப் பீரோவைத் திறந்து மூடுகிறேன். அன்றைக்குத்தான் அது நம் கல்லூரி ஆய்வகத்தின் வாசமாக இருந்தது. கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டி, ஊசியில் குத்தி நிறுத்திய வண்டுகளும் தும்பிகளும், மூலையில் துணியில் முடிந்து வைத்த உருண்டைகள், பெட்டிமேல் குனிந்திருக்கும் உன் தலை.

சட்டையைப் போடாமல் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

"எத்தன வருஷத்துப் பழக்கம், இருக்காதா பின்ன. போயிட்டு வாங்க, மனசு ஆறும்" என்றாள்.

ஆறவில்லை. பெரம்பலூரில் அந்த மண்டபம் நிறைந்து, வெளியே பந்தலிலும் ஆட்கள் நின்றார்கள். நான் செத்தால் என் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் விடுமுறை விடுவார்கள். பிள்ளைகள் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். உனக்கோ, நீ பாடம் நடத்திய பையன்கள் மீசையும் தொப்பையுமாக வந்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு தேம்பினார்கள்.

"எங்க சாரு பாடமே நடத்த மாட்டாரு" என்றான் ஒருவன். "பூச்சியக் கையில குடுத்துட்டு, என்ன தெரியுது சொல்லும்பாரு. ஒண்ணும் தெரியலைங்க சார்னா, நல்லதாப் போச்சு, இப்பப் பாருன்னுவாரு."

கூட்டம் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தது. அடுத்து ஒரு பருத்தி விவசாயி. செடியில் முள்ளு முள்ளாக ஊர்ந்த புழுவுக்கு மருந்தடிக்கக் கிளம்பியவனை நீ தடுத்தாயாம். அது பொறிவண்டின் குஞ்சு, செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினியைத் தின்ன வந்திருக்கிறது, விட்டுவிடு என்றாயாம். அவன் அதை ஒரு புராணம்போல் சொன்னான். அந்தப் புழுவைப் பற்றி நானும் என் வகுப்பில் வருஷா வருஷம் சொல்கிறேன். எந்த விவசாயியும் என்னைத் தேடி வந்ததில்லை.

பிறகு, "சாரோட காலேஜ் காலத்து உயிர் நண்பர்" என்று என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டொரு வாக்கியம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை என்பது எழுதுவதற்கு வசதியாகத்தான் இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அரியலூரில் நாம் கல்லூரியில் சேர்ந்தபோது உன்னைவிட எல்லாவற்றிலும் நான் ஒரு படி மேலே இருந்தேன். கீழப்பழுவூரில் எங்களுக்குக் கடலைக் காடும் கிணறும் இருந்தன. எனக்கென்று சைக்கிள் இருந்தது. நீ சிறுவாச்சூரிலிருந்து பஸ் மாறி மாறி வருவாய். உன் அப்பாவுக்கு ரோட்டோரம் சோடாக் கடை. திங்களும் வெள்ளியும் காளி கோயிலுக்கு வரும் கூட்டத்தை நம்பி நடக்கும் கடை. புத்தகம் வாங்காமலேயே நீ மூன்று வருஷத்தையும் ஓட்டினாய். என் புத்தகத்தைத்தான் வாங்கிப் போவாய். திரும்பி வரும்போது அதில் பன்னீர் சோடா வாசம் அடிக்கும்.

பூச்சி வரிசைகள் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆங்கிலத்தில் படித்தோம். இப்போது தமிழில் நடத்துகிறேன், இங்கேயும் தமிழிலேயே எழுதுகிறேன், ஆனால் வரிசை அதேதான். பெரும்பாலும் சிறகை வைத்துத்தான் பெயர். வண்டுக்கு முன்சிறகு உறைபோலக் கெட்டி, அதனால் உறைச்சிறகி. நாவாய்ப்பூச்சிக்கு முன்சிறகில் பாதி கெட்டி, பாதி சவ்வு, அதனால் அரைச்சிறகி. கூடவே சாறு உறிஞ்சும் ஊசி வாய். பட்டாம்பூச்சிக்கும் அந்துப்பூச்சிக்கும் சிறகெல்லாம் செதில். தொட்டால் விரலில் ஒட்டும். ஈக்கும் கொசுவுக்கும் சிறகு இரண்டே. பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சின்னக் குமிழ்கள். தேனீ, குளவி, எறும்புக்குச் சவ்வுச் சிறகும் ஒடுங்கிய இடுப்பும். வெட்டுக்கிளிக்குத் தாவுகிற பின்கால். தும்பிக்குத் தலையை மூடிய கண்கள், மயிர்போல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத உணர்கொம்பு. விரிவுரையாளர் கேட்கும் முன்பே நான் சொல்லி முடித்துவிடுவேன். நீ பின்னாலிருந்து, "வாத்தியாரே, மூச்சு விட்டுக்க" என்பாய். வகுப்பு சிரிக்கும்.

உனக்கு அவ்வளவு பெயர் தெரியாது. கல்லூரி முதல்வரை உறைச்சிறகி என்பாய். "மேலதான்டா கெட்டி. உள்ள பட்டு மாதிரி மடிச்சு வெச்சிருப்பாரு." நூலகத்தை விட்டு வெளியே வராத என்னைக் கறையான் என்றாய். "வெளிச்சமே பிடிக்காது. ஆனா ஒரு நாள் பாத்தா மொத்த பீரோவையும் தின்னு முடிச்சிருப்பான்." மற்றவர்கள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொள்ளவில்லை. இன்றும் இல்லை.

மூன்றாம் ஆண்டில் ஒவ்வொருவரும் ஒரு பூச்சிப்பெட்டி வைக்க வேண்டும். கொசுவலைத் துணியில் வலை தைத்து, குளோரோஃபார்ம் பஞ்சு போட்ட பாட்டிலோடு காடு காடாக அலைந்தோம். பெட்டியின் அடியில் ஊசி குத்தத் தக்கை ஒட்ட வசதியில்லாதவர்கள் காய்ந்த சோளத்தட்டையின் நெட்டியைச் சீவி ஒட்டினார்கள். நீயும் அப்படித்தான். எனக்குத் திருச்சியிலிருந்து அப்பா தக்கை வாங்கி வந்தார்.

அதிலும் உனக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. நான் வெயிலில் வலையோடு ஓடினேன். உன் அப்பா கடையில் பொழுது சாய்ந்து பெட்ரோமாக்ஸ் ஏற்றினால் ஊர்ப் பூச்சியெல்லாம் உன்னைத் தேடி வந்தது. நீ சோடா உடைத்துக்கொண்டே கையை நீட்டி எடுத்துப் பாட்டிலில் போட்டாய்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆய்வகத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் பூச்சிச் சந்தை கூடும். எவனிடம் எது அதிகமோ அதைக் கொடுத்து இல்லாததை வாங்குவான்.

"ரெண்டு வண்டுக்கு ஒரு கும்பிடுபூச்சி. யாருக்கு வேணும்?"

"போடா, உன் கும்பிடுபூச்சிக்கு ஒரு கை இல்ல."

"அதனால என்ன, ஒத்தக் கையில கும்பிடும்."

எல்லாரும் தேடியது ஒரே வரிசையைத்தான். நரம்புச் சிறகிகள். சிறகு முழுவதும் வலைபோல நரம்பு ஓடுகிற பூச்சிகள். குழியானை அந்த வரிசை. புழுதியில் புனல்போல் குழி பறித்து, அடியில் பதுங்கி, சறுக்கி விழும் எறும்பைப் பிடிக்கிற அந்தக் குழியானையைத் தெரியாத பிள்ளை நம் பக்கத்தில் கிடையாது. எங்கள் ஊர்க் கோயில் மதிலோரம் அது இல்லாத சாண் இடம் இல்லை. ஆனால் பெட்டிக்கு வேண்டியது அந்தப் புழு அல்ல. அது வளர்ந்து, கூடு உடைத்து, சிறகு முளைத்து வெளியே வருகிற பூச்சி. அதைப் பார்த்தவர் குறைவு. வருஷா வருஷம் பாதிப் பெட்டிகளில் அந்தக் கட்டம் காலியாகவே போகும்.

அந்த வருஷம் கட்டம் காலியாகக் கூடாது என்பதற்கு நமக்கு மட்டும் ஒரு காரணம் இருந்தது. துறையில் செய்முறை வகுப்புக்கு ஒரு டெமான்ஸ்ட்ரேட்டர் இடம் காலியாகியிருந்தது. இந்த வகுப்பிலிருந்தே ஒருவரைச் சிபாரிசு செய்வதாகத் துறைத்தலைவர் சொல்லியிருந்தார். எழுத்துத் தேர்வில் நான் உன்னைவிடக் கொஞ்சம் முன்னால். செய்முறையில், கத்தரிப்பதிலும் வெட்டுவதிலும், நீ என்னைவிடக் கொஞ்சம் முன்னால். "ரெண்டு பேருல யாருன்னு பெட்டி சொல்லட்டும்" என்றார் அவர். அந்த வேலை கிடைத்தால் நான் கடலைக் காட்டுக்குத் திரும்ப வேண்டாம். ஆய்வகத்திலேயே இருந்து மேலே படிக்கலாம். இரவெல்லாம் அதையே நினைத்துக் கிடந்தேன்.

தேர்வுக்குச் சில வாரங்கள் முன்பு ஒரு மாலை, கோயில் மதிலோரப் புல்லில் சோம்பலாகப் பறந்த ஒன்றைப் பிடித்தேன். நீள உடம்பு, கண்ணாடிபோல் நான்கு சிறகு. ஊசித்தும்பி என்று பார்த்ததுமே தெரிந்தது. சிறகை விரித்துக் குத்தி, தும்பிகளின் வரிசையில் கடைசியாக நிறுத்தினேன். ஏற்கெனவே நான்கைந்து தும்பி இருந்ததால் பிறகு அதை நான் பார்க்கவில்லை.

நீ பார்த்தாய். வேப்பமரத்தடியில் என் பெட்டியைத் திறந்து, வழக்கம்போல் மூக்கு இடிக்கக் குனிந்தாய். வெகுநேரம் நிமிரவில்லை.

"வாத்தியாரே, இந்தக் கடைசித் தும்பிய எனக்குத் தாயேன்."

"உன்கிட்டதான் தும்பி கெடக்கே."

"இது மாதிரி இல்ல."

"என்ன தருவே?"

"என்ன வேணுமோ கேளு."

உன் பெட்டியிலேயே பெரியதைக் கேட்டேன். மூக்கில் கொம்புள்ள காண்டாமிருக வண்டு. உங்கள் கடைத் தென்னங்கீற்றில் வந்து மோதி விழுந்தது. அதைப் பார்க்கவே பக்கத்து வகுப்பிலிருந்து ஆட்கள் வருவார்கள். நீ பேரமே பேசாமல் ஊசியோடு பிடுங்கிக் கொடுத்தாய். ஏமாளி என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகும்போது சைக்கிள் தானாக ஓடியது.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒல்லியான மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் பூச்சியைப் பார்ப்பார். என் வண்டைப் பார்த்துத் தலையாட்டினார். வரிசை வரிசையாக விரல் நகர்ந்தது. காலிக் கட்டத்தில் நின்றது.

"நரம்புச் சிறகி எங்க தம்பி?"

"கெடைக்கலைங்க சார்."

"எந்த ஊரு?"

"கீழப்பழுவூருங்க சார்."

"கோயில் ஊருல இருந்துக்கிட்டு குழியானை கெடைக்கலையா?"

"குழியில இருக்குங்க சார். சிறகு வந்ததுதான் கெடைக்கலை."

அவர் உன் மேசைக்கு நகர்ந்தார். உன் சோளத்தட்டைப் பெட்டிமேல் குனிந்தார். அவரும் வெகுநேரம் நிமிரவில்லை.

"இதை எங்கப்பா புடிச்சே?"

நீ பொய் சொல்லியிருக்கலாம். எந்த ஊர்ப் பெயரையும் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் நான் உன்னைத் திருடன் என்று ஊரெல்லாம் சொல்லி, அதோடு ஆறிப்போயிருப்பேன். நீ என் பக்கம் கையைக் காட்டினாய்.

"புடிச்சது அவனுங்க சார். நான் கேட்டு வாங்கினேன்."

"என்னன்னு தெரிஞ்சு வாங்கினே?"

"கொம்பப் பாத்தேங்க சார். தும்பிக்குக் கொம்பு மயிரு மாதிரி இருக்கும். இதுக்குக் குண்டாந்தடி மாதிரி நுனி தடிச்சிருக்குங்க. முன்ன ஒரு தடவ எங்க கடையில டப்பா மண்ணுல குழியானை வளத்தேன். இதே மாதிரிதான் வெளிய வந்துச்சு. பெட்ரோமாக்ஸ்ல விழுந்து கருகிருச்சுங்க."

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, நீயே புடிச்சு நீயே தானமும் பண்ணிட்டியா?"

ஆய்வகம் சிரித்தது. உதவியாளர்கூடச் சிரித்தார். தும்பியின் உணர்கொம்பு எப்படி இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். அன்று காலைகூடச் சொல்லிப் பார்த்திருந்தேன். என் கையில் இருந்த பூச்சிக்குக் கொம்பு எப்படி இருந்தது என்று மட்டும் நான் பார்க்கவில்லை.

வேலை உனக்குக் கிடைத்தது. நான் கொஞ்ச நாள் கடலைக் காட்டில் மாட்டை ஓட்டினேன். பிறகு பி.எட். முடித்து ஜெயங்கொண்டம் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தபாலில் எம்.எஸ்ஸி. படித்து உனக்கு முன்பே முடித்தேன். அது எவனுக்குத் தெரியும்? நீ வேலையில் இருந்தபடி மெதுவாகப் படித்து, விரிவுரையாளராகி, பெரம்பலூரில் வீடு எடுத்தாய். கரும்புக்குக் குருத்துப்பூச்சி வந்தால் எறையூர் சர்க்கரை ஆலையிலிருந்து உன்னைக் கூட்டிப்போக ஆள் வருவான். கடலைக்குக் கம்பளிப்பூச்சி வந்தால் ஊரே உன் வாசலில் நிற்கும்.

பெரம்பலூர் பஸ் நிலையத்து டீக்கடையில் ஒரு நாள் உன்னைப் பார்த்தேன். இருவருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. ஊர்க்கதை பேசினோம். டீ பாதி குடித்ததும் நான் கேட்டுவிட்டேன்.

"தெரிஞ்சுதானே கேட்டே?"

எதை என்று நீ கேட்கவில்லை.

"தெரிஞ்சுதான்டா கேட்டேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்." நீ டம்ளரைக் கையில் சுற்றிக்கொண்டு ரோட்டைப் பார்த்தாய். "இது மாதிரி இல்லன்னு சொன்னேன். ஒரு தடவ குனிஞ்சு பாப்பேன்னு நெனச்சேன். நீ என் வண்டப் பாத்துக்கிட்டு இருந்தே."

நீ ஒரு வாய் டீ குடித்தாய்.

"எனக்கு அந்த வேலை வேணும்டா. உங்கப்பாவுக்குக் காடு இருந்துச்சு. எங்கப்பாவுக்கு ரோடுதான் இருந்துச்சு."

நீ மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் மறுத்திருப்பேன். திமிராகப் பேசியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். நீ இரண்டும் செய்யாமல் டீயைக் குடித்து முடித்தாய். "கறையானுக்கு இன்னும் கோவம் போகல" என்று என் தோளில் தட்டிவிட்டு, என் பஸ்ஸில் எனக்கு இடம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாய். ஜன்னலோர இடம்.

அன்றிலிருந்து நான் உன்னிடம் ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். ஒரு தப்பு. பூச்சியில் ஒரே ஒரு தப்பு. அதற்காகவே படித்தேன். விருந்துக்குக் கூப்பிட்டால் வந்தேன். உன் பிள்ளைக்குக் காது குத்தினபோதும் வந்தேன். பந்தலில் வந்து உட்காரும் ஒவ்வொன்றுக்கும் நீ என்ன பெயர் சொல்கிறாய் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். நீ தெரியாததைத் தெரியாது என்றாய். அதையும் ரசித்துச் சொன்னாய். தெரிந்ததைத் தப்பாகச் சொல்லவில்லை.

போன வருஷம் உனக்குச் சர்க்கரை கண்ணுக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். நாற்பது முடியுமுன் இப்படியா என்று ஊர் உச்சுக் கொட்டியது. அந்தக் கண்ணுக்கா என்று எனக்கு முதலில் தோன்றியது. அடுத்துத் தோன்றியதை எழுதாமல் விடுகிறேன். நீ ஊகித்துக்கொள்வாய்.

பார்க்க வந்தேன். உன் மனைவி வாசலில் நாற்காலி போட்டாள். காலை வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. நீ என் குரலைக் கேட்டுத்தான் முகத்தைத் திருப்பினாய்.

"வா வாத்தியாரே. குண்டாயிட்டேன்னு சொல்றாங்க, உண்மையா? எனக்கு எல்லாரும் ஒரே சைசாத்தான் தெரியிறாங்க."

உன் மனைவி காப்பி கொண்டுவந்தபோது அது வந்து உட்கார்ந்தது. நாற்காலிக் கைமேல் இருந்த உன் புறங்கையில். மஞ்சளும் கறுப்புமாக வரி.

"ஐயோ, கொட்டிறப் போவுதுங்க" என்று அவள் முந்தானையை எடுத்தாள்.

"வெரட்டாத. தேனீதான். வேர்வைய நக்க வந்திருக்கு. சும்மா இருந்தா அதும்பாட்டுக்குப் போயிரும்" என்றாய் நீ.

நான் குனிந்து பார்த்தேன். நான் குனிந்து பார்த்தேன் என்பதை நீ கவனித்திருக்க மாட்டாய். சிறகு இரண்டே. பின்சிறகு இல்லை. தேனீயின் இடுப்பு இல்லை.

"தேனீ இல்ல. ஈ" என்றேன்.

"என்னது?"

"ஈ. தேனீ வேஷம் போட்ட ஈ. உனக்குத் தெரியலை."

கடைசி வார்த்தையை அப்படி அழுத்தியிருக்க வேண்டாம். உன் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நீ கையை மெல்லக் கண்ணருகே கொண்டுபோனாய். எட்டவில்லை. உன் கண்ணுக்கு எட்டவில்லை.

"எத்தன சிறகு?"

"ரெண்டு."

"கொம்பு?"

"குட்டை. இருக்கறதே தெரியலை."

"கண்ணு எப்புடி?"

"தலை முழுக்கக் கண்ணு."

உன் முகம் விரிந்ததை நான் பார்த்தேன். நீ சிரித்தாய். என்னைப் பார்த்து அல்ல, உன்னைப் பார்த்தும் அல்ல. அந்தப் பூச்சியைப் பார்த்துச் சிரித்தாய், அது உன்னை ஏமாற்றிவிட்டதே என்ற மகிழ்ச்சியில்.

"அடப்பாவி" என்றாய் அதனிடம். பிறகு, "ஏ, கேட்டியா? நான் தேனீன்னு சொல்லிட்டேன். ஈ. பிள்ளைங்க வந்தா சொல்லு, அப்பா ஏமாந்துட்டான்னு" என்று மனைவியிடம் சொன்னாய். என் முழங்காலைத் தேடிப் பிடித்து உலுக்கினாய். "பாத்துட்டியேடா. இன்னும் சொல்லு. காலு என்ன நெறம்? சிறகுல பொட்டு இருக்கா? மெல்லப் பாரு, ஓட்டிராத."

நான் சொல்லச் சொல்ல நீ கேட்டுக்கொண்டிருந்தாய். அது பறந்துபோன பிறகும் இன்னும் இன்னும் என்று கேட்டாய். உன் தப்புக்காக நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். அது வந்தபோது அதில் எனக்குப் பங்கே இல்லை. மொத்த மகிழ்ச்சியையும் நீயே எடுத்துக்கொண்டாய். பஸ்ஸில் திரும்பும்போது கண்ணில் நீர் வந்தது. அது உன் கண்ணை நினைத்து வந்த நீர் என்று சொன்னால் பொய்.

உன் கண் எனக்கு இருந்திருந்தால் நானும் நீயாகியிருப்பேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றுதான் தெரிந்தது, கண் போன பிறகும் நீ நீயாகவே இருந்தாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சில மாதத்தில் நீயும் போய்விட்டாய்.

படத்திறப்பு முடிந்த வாரம், மேல்நிலை வகுப்பில் பூச்சிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பெண் காட்டாமணக்கிலிருந்து பிடித்ததைத் தீப்பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். பச்சையும் நீலமும் மின்னும் ஓடு, அதில் கறுப்புப் புள்ளிகள்.

"வண்டு. உறைச்சிறகி" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையில் எழுதத் திரும்பினேன்.

"சார்."

"என்ன?"

"வண்டுன்னா ரெண்டு உறையும் சேர்ற எடத்துல முதுகுல நடுக்கோடு இருக்கணும்னு நீங்கதாங்க சார் சொன்னீங்க. இதுக்குக் கோடே இல்லீங்க சார். திருப்பிப் பாத்தா வாயும் ஊசி மாதிரி இருக்குங்க."

வாங்கிப் பார்த்தேன். கோடு இல்லை. முதுகு முழுவதையும் ஒரே தகடு மூடியிருந்தது. வயிற்றுப் பக்கம் மடங்கிக் கிடந்தது ஊசி வாய். நாவாய்ப்பூச்சி இனம். அரைச்சிறகி. அவள் சொன்னது சரி. வகுப்பு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உன்னைப்போலச் சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். வாயைத் திறந்தேன்.

"உக்காரும்மா. பாடத்தைக் கவனி" என்றுதான் வந்தது.

அவள் உட்கார்ந்தாள். முகம் சுருங்கவில்லை. தீப்பெட்டியை மேசைக்கடியில் வைத்து, மூக்கு இடிக்கக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. மணி அடிக்கும்வரை நானும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ போனால் இது போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. உன்மேல் இருந்த பொறாமை இப்போது இரட்டைச் சடை பின்னி, இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. நாளைக் காலை முதல் பீரியட் அந்த வகுப்புக்குத்தான் நான் போக வேண்டும்.